முதல்வர் நின்ற தொகுதிகள்

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையில் இருக்கும் பேரூராட்சி மல்லாங்கிணறு. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் பருத்தி, சோளம், கம்பு. பொய்த்தால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். இந்த ஊரிலிருந்து ஒன்றிரண்டு பேருந்து மாறினால் போய்விடக்கூடிய சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய மூன்றும் தமிழ்நாட்டின் தேர்தல் வரலாற்றில் மற்ற தொகுதிகளுக்கு வாய்க்காத அனுபவம் கண்டவை. பதவியில் இருந்த முதல்வர் சாத்தூரில் ஓட்டுக் கேட்டார். முன்னாள் முதல்வர் விருதுநகரில் கேட்டார். முதல்வர் ஆகப் போகிறவர் அருப்புக்கோட்டையில் கேட்டார். ஒருவரை இரண்டு முறை ஏற்று, பிறகு அவரையே திருப்பி அனுப்பி, இன்னொருவரைக் கோட்டைக்கு அனுப்பிவைத்த வட்டாரம் இது.

ஒரு மாநிலத்தின் முதல்வர் உண்மையில் யாருடைய ஓட்டில் வருகிறார் என்ற கேள்விக்கு விடை தேட இந்த வறண்ட பூமியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சட்டம் சொல்வது சுருக்கமானது. அரசியலமைப்பின் 164ஆவது பிரிவின்படி முதல்வரை நியமிப்பவர் ஆளுநர். சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மையோ அவரை அவர் அழைக்கிறார். வாக்காளர் தன் தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் எந்த ஊர் டீக்கடையிலும் தேர்தல் பேச்சு அப்படி நடப்பதில்லை. "யார் எம்.எல்.ஏ.?" என்பதற்கு முன்பாக "யார் முதலமைச்சர்?" என்றுதான் பேச்சு தொடங்கும். கோடிக்கணக்கானவர்கள் மனதுக்குள் முதல்வருக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அவருடைய பெயர் அச்சிட்ட சீட்டோ இயந்திரப் பொத்தானோ கையில் கிடைப்பது ஒரே ஒரு தொகுதியின் மக்களுக்கு மட்டும்தான்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே மாநிலத்தின் தலைமைப் பொறுப்பு ஆளுநருடையது. நம் ஆளுநர் போல மேலிருந்து அனுப்பப்படுபவர் அல்ல, மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர். இதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சுதந்திரம் அடைந்த காலத்தில் அங்கும் பல மாநிலங்களில் சட்டமன்றமே ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. ஜார்ஜியா 1820களில் அந்த உரிமையை மக்களிடம் கொடுத்தது. நியூ ஜெர்சிக்கு 1844 வரையும் வர்ஜீனியாவுக்கு 1851 வரையும் பிடித்தது. தென் கரோலினாவோ உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல்தான் இறங்கி வந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இழுத்த மாற்றம் அது.

நேரடித் தேர்தல் எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்பதற்கு 1839ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் நல்ல சாட்சி. பதவியில் இருந்தவர் எட்வர்ட் எவரெட், நாடறிந்த பேச்சாளர். எதிர்த்தவர் மார்க்கஸ் மார்ட்டன். 1828 முதல் ஆண்டுதோறும் நின்று தோற்றவர்; அங்கே ஆளுநர் பதவி அப்போது ஓராண்டுக்குத்தான். முந்தைய ஆண்டு எவரெட்டின் ஆட்சி ஒரு மதுச் சட்டம் போட்டிருந்தது: பதினைந்து காலன், அதாவது ஐம்பது லிட்டருக்கும் மேல், மொத்தமாக வாங்கினால்தான் மது கிடைக்கும். பணக்காரன் பீப்பாயாக வாங்கலாம், கூலிக்காரன் ஒரு கோப்பை வாங்கக் கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். பதிவான 1,02,066 ஓட்டுகளில் மார்ட்டனுக்கு விழுந்தது 51,034. பாதிக்கு மேல் ஓர் ஓட்டு. பாதியைத் தாண்டாவிட்டால் முடிவு சட்டமன்றத்துக்குப் போகும் என்பது அந்த மாநிலத்தின் விதி. அங்கோ எவரெட்டின் கட்சிக்குத்தான் பலம். அந்த ஓர் ஓட்டு வேறொருவருக்கு விழுந்திருந்தால் மார்ட்டன் ஆளுநராகியிருக்க முடியாது.

இதே கணக்கு 2008இல் ராஜஸ்தானில் திரும்ப வந்தது. மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி முதல்வர் பதவிக்குரியவராகப் பேசப்பட்டவர். நாத்வாரா தொகுதியில் அவருக்கு 62,215 ஓட்டு, பாஜக வேட்பாளருக்கு 62,216. அவருடைய கட்சி ஆட்சி அமைத்தது, ஆனால் முதல்வர் ஆனவர் அசோக் கெலாட். மாசசூசெட்ஸில் ஒரு மாநிலமே சேர்ந்து தந்த தீர்ப்பை இங்கே ஒரு தொகுதி தனியாகத் தந்தது.

சென்னை மாகாணத்தில் தலைமைப் பதவி நெடுங்காலம் பொதுமக்களின் ஓட்டுக்கு எட்டாமலே இருந்தது. 1937இல் பிரீமியரான ராஜாஜி சட்டமன்றத்துக்கு வந்தது பல்கலைக்கழகத் தொகுதி வழியாக; பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போட்ட இடம் அது. 1946 தேர்தலுக்குப் பிறகு மூன்றே ஆண்டுகளில் டி. பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், பி.எஸ். குமாரசாமி ராஜா என மூன்று பேர் தலைமையில் அமர்ந்தார்கள். மூவரையும் அமர்த்தியது ஒரே சட்டமன்றத்தின் காங்கிரஸ் உறுப்பினர்கள்தான். இடையில் மக்களிடம் யாரும் போகவில்லை.

குமாரசாமி ராஜா இந்த வட்டாரத்துக்காரர், ராஜபாளையத்தில் பிறந்தவர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர். எளிமைக்கும் நேர்மைக்கும் பெயர் பெற்றவர். 1952இல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்து நடந்த முதல் பொதுத்தேர்தலில், முதல்வராக இருந்துகொண்டே அவர் தோற்றார். அவருடைய அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். பட்டதாரி, சொத்துக்காரர் என்ற வேலி விழுந்த முதல் தேர்தலிலேயே இப்படி ஒரு தீர்ப்பு வந்தது என்பதை, அந்த நல்ல மனிதர் மேல் இரக்கம் இருந்தாலும், சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தத் தீர்ப்புக்குக் கிடைத்த மரியாதை என்ன? 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான். ஆட்சி கைவிட்டுப் போகும் நிலையில் ஓய்வில் இருந்த ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அந்தத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் நின்றவர் அல்ல. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10 அன்று அவர் முதல்வரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், வழக்கு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே பள்ளி நேரத்தைப் பாதியாக்கிய கல்வித் திட்டத்தை அந்த ஆட்சி கொண்டுவந்தது. 'குலக்கல்வி' என்று தமிழ்நாடு எதிர்த்து நின்றது. ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய ஒருவர் அப்படியொரு திட்டத்தை அவ்வளவு துணிச்சலாகப் போட்டிருப்பாரா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பின் வந்தவர் காமராசர். அவரையும் முதலில் தேர்ந்தெடுத்தது சட்டமன்றக் கட்சிதான், 1954இல் சி. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டு, காமராசருக்கு 93. ஸ்ரீவில்லிபுத்தூரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்கு மாநில அவையில் இடம் வேண்டும். ராஜாஜி போல மேலவைக்குள் நுழைந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். வடஆற்காட்டு மண், அவருக்குப் புதிய ஊர். கம்யூனிஸ்ட் எதிர்த்தது, பெரியாரும் திமுகவும் ஆதரவாக நின்றார்கள், ஜெயித்தார். முதல்வர் பதவியை மக்களின் ஓட்டோடு கட்டிப்போட வேண்டும் என்ற வழக்கம் இந்த மாநிலத்தில் குடியாத்தத்தில்தான் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

1957இலும் 1962இலும் அவர் சாத்தூரில் நின்றார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல்வராக இருந்து ஐந்து ஆண்டு ஆண்டுவிட்டு, அதே தொகுதி மக்களிடம் திரும்பப் போய் நின்றவர் அவர். ஊருக்குப் பள்ளி வந்ததா, மின்சாரம் வந்ததா, பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு கிடைக்கிறதா என்று கண்ணால் பார்த்தவர்களே மறுபடி அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். தொடர்ந்து இரண்டு பொதுத்தேர்தலில் ஒரு முதல்வரை எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு சாத்தூருக்குக் கிடைத்தது.

1967 வேறு கதை. 1963இல் தானாக முதல்வர் பதவியை விட்டு விலகி, டெல்லி போய் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகி, இரண்டு பிரதமர்களை உருவாக்கிய மனிதர், அந்தத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார். எதிரே பெ. சீனிவாசன் என்ற இளைஞர். 1965 இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டத்தின் முன்னணியில் இருந்தவர். அரிசிப் பஞ்சம் ஒரு பக்கம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதி ஒரு பக்கம், துப்பாக்கிச் சூட்டில் செத்த மாணவர்களின் நினைவு இன்னொரு பக்கம். சீனிவாசனுக்கு 33,421, காமராசருக்கு 32,136. வித்தியாசம் 1,285.

அந்த 1,285 ஓட்டைப் பற்றி விருதுநகர் வட்டாரம் இன்றும் குற்ற உணர்வோடு பேசுவது உண்டு. சொந்த மண்ணே கைவிட்டது என்ற மனக்குறை அது. ஆனால் அந்த வாக்காளர்களை அப்படிப் பார்ப்பது நியாயமில்லை. அவர்கள் காமராசரின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. அவர் கட்சியின் ஆட்சிக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. அவர் பெயர்தான் அவர்கள் கைக்கு எட்டியது. அதே தேர்தலில் முதல்வராக இருந்த பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். விருதுநகரையும் ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்துப் படித்தால்தான் 1967 புரியும். தலைவர்களைப் பெயர் சொல்லித் தோற்கடிக்க முடிந்ததால்தான், ஆட்சி மாற்றம் என்பது அவ்வளவு தெளிவாக எல்லோருக்கும் கேட்டது. காமராசரும் தோல்வியை ஏற்றுக்கொண்டார். நாடாளுமன்றத்துக்குத் திரும்ப அவர் 1969 நாகர்கோவில் இடைத்தேர்தல் வரை காத்திருந்தார்.

அந்த 1967 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் படுத்திருந்த நடிகர் ஒருவர் பரங்கிமலையில் ஜெயித்திருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து அவர் அருப்புக்கோட்டைக்கு வந்தார்.

1972இல் திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கிய எம்.ஜி.ஆர்., 1977 ஜூன் தேர்தலில் தொகுதி தேட வேண்டியிருந்தது. தொகுதிச் சீரமைப்பில் பரங்கிமலை என்ற பெயரே போய்விட்டது. சென்னையில் திமுக வலுவாக இருந்தது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை ஜெயிக்க வைத்த தென் மாவட்டங்கள்தான் இரட்டை இலையின் கோட்டை. நெசவாளர்களும் மானாவாரி விவசாயிகளும் நிறைந்த அருப்புக்கோட்டை அவருக்கு 43,065 ஓட்டுகளை அள்ளிக் கொடுத்தது. அடுத்து வந்த ஜனதா வேட்பாளருக்கு 13,687. நான்குமுனைப் போட்டியில் அடுத்தவரைவிட மூன்று மடங்குக்கும் மேலான ஓட்டு.

மாநில அளவில் அதே தேர்தலின் கணக்கைப் பாருங்கள். அதிமுகவுக்கு 130 இடங்கள், ஓட்டு விகிதம் 30.4. மாசசூசெட்ஸின் பழைய விதி இங்கே இருந்திருந்தால், பாதியை எட்டாத எம்.ஜி.ஆரின் தலைவிதியைத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் வேலையாகப் போயிருக்கும். நம் முறையில் சிதறிக் கிடந்த ஓட்டுகள் இடங்களாகத் திரண்டன. 1977 ஜூன் 30 அன்று அருப்புக்கோட்டையின் எம்.எல்.ஏ. முதல்வராகப் பதவியேற்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த வட்டாரம் அதிகம் பேசாத பகுதி. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் அதிமுகவுக்குப் பலத்த அடி. தமிழ்நாடு முழுவதிலும் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது இரண்டே தொகுதிகள். ஒன்று கோபிசெட்டிபாளையம், மற்றது பக்கத்திலேயே இருக்கும் சிவகாசி. மாநிலமே கைவிட்டபோது கரிசல் பூமி கைவிடவில்லை. பிப்ரவரி 17 அன்று அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் மீண்டும் தேர்தல். எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைக்குத் திரும்பவில்லை, மதுரை மேற்கில் நின்றார். 1984இல் அங்கும் நிற்கவில்லை. ப்ரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார்.

மூன்று முறை முதல்வரானவர். மூன்று முறையும் வேறு வேறு தொகுதி. அருப்புக்கோட்டை மக்கள் அவரை முதல்வராக்கினார்கள், ஆனால் முதல்வராக அவர் செய்த ஆட்சிக்கு நேரடியாக மதிப்பெண் போடும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. 1980இல் அங்கே அவருடைய கட்சி வேட்பாளரே வென்றார் என்பது உண்மைதான். பேருக்கு ஒருவரை நிறுத்தினாலும் இரட்டை இலைக்கு ஓட்டு விழும் என்று தெரிந்த இடத்தில், தலைவரே நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? 1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து இந்தப் பகுதிக்குக் காமராசர் பெயரில் தனி மாவட்டம் கொடுத்தவர் அவர். அந்த நன்றியை ஓட்டாகச் சொல்லவும் வழியில்லை, கண்மாய்களில் தண்ணீர் இல்லை என்ற கோபத்தை ஓட்டாகச் சொல்லவும் வழியில்லை.

எம்.ஜி.ஆர். மட்டும் இதில் தனி இல்லை. கருணாநிதி குளித்தலையில் தொடங்கி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் வழியாகத் திருவாரூர் வரை வந்தவர். ஜெயலலிதா போடிநாயக்கனூர், பர்கூர், ஆண்டிப்பட்டி, ஸ்ரீரங்கம், ராதாகிருஷ்ணன் நகர் என்று நடந்தவர். அவர்களும் சில நேரம் ஒரே தொகுதிக்குத் திரும்பப் போனதுண்டு. முதல்வராக இருந்துகொண்டே 1996இல் மறுபடி பர்கூரில் நின்ற ஜெயலலிதாவை அந்த மக்கள் 8,366 ஓட்டில் தோற்கடித்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு முதல்வர் மீது ஒரு தொகுதி சொன்ன மிகக் கடுமையான தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர் பர்கூருக்கே திரும்பி வந்ததுதான்.

அமெரிக்க ஆளுநருக்கு இந்த இடமாற்றம் சாத்தியமில்லை. அவருடைய தொகுதி அந்த மாநிலம் முழுவதும். நான்கு ஆண்டு கழித்து எங்கே போனாலும் அதே மக்கள்தான் எதிரே இருப்பார்கள். இங்கிலாந்தின் பழக்கம்தான் நம்முடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாட்ஸ்டன் ஆக்ஸ்போர்டில் தோற்றால் லங்காஷயர், அங்கும் தோற்றால் கிரீனிச் என்று போனவர். நம் சட்டப்படியும் மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராகப் பதிவாகியிருந்தால் 234இல் எந்தப் பொதுத்தொகுதியிலும் நிற்கலாம்.

எனவே நம் முறையில், தலைவர்தான் தனக்கு ஓட்டுப் போட வேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்கிறார். இது சாதாரண எம்.எல்.ஏ.க்குக் கிடைக்காத வசதி. மல்லாங்கிணற்றுக்காரரான திமுகவின் தங்கம் தென்னரசு, 2008 சீரமைப்பில் பிறந்த திருச்சுழித் தொகுதியில் 2011, 2016, 2021 என்று மூன்று முறையும் அதே மக்களிடம் போய் நின்றார். கட்சி ஆட்சியில் இல்லாத பத்து ஆண்டும் அதே சாலை, அதே கண்மாய், அதே குடிநீர்க் குழாய் பற்றிய கேள்விகளுக்கு முகம் கொடுத்தாக வேண்டும். உள்ளூர்ப் பிரதிநிதிக்கு இருக்கும் இந்தக் கடமை முதல்வர் நாற்காலிக்கும் இருந்தால் என்ன என்பதுதான் கேள்வி.

நேரடித் தேர்தல் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒருவரே நிற்கும் போட்டியில் பணமும் முகமும் மட்டும் பேசும். கட்சி, கொள்கை, சட்டமன்றம் எல்லாம் பின்னால் தள்ளப்படும். முதல்வர் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பதே இந்த மண்ணுக்கு நல்லது. குறை வேறு இடத்தில் இருக்கிறது: மக்கள் ஒரு தலைவரை நிராகரித்த பிறகும் அவரைப் பதவியில் அமர்த்த வழி இருப்பது.

இந்திய மாநிலங்களில் இதற்கு இரண்டு விதமாகவும் சான்றுகள் கிடைக்கின்றன. 1971இல் உத்தரப் பிரதேச முதல்வர் டி.என். சிங் மணிராம் இடைத்தேர்தலில் தோற்றுப் பதவியை இழந்தார். 2009இல் ஜார்க்கண்ட் முதல்வர் சிபு சோரன் தமாட் இடைத்தேர்தலில் தோற்று விலகினார். ஆனால் 2021இல் மேற்கு வங்கத்தின் நந்திகிராமில் 1,956 ஓட்டில் தோற்ற மம்தா பானர்ஜி முதல்வராகவே தொடர்ந்து, அதே ஆண்டு பவானிபூர் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். 2022இல் உத்தராகண்டில் கட்டிமாவில் தோற்ற புஷ்கர் சிங் தாமி மறுபடி முதல்வராகி, சம்பாவத்தில் தனக்காகக் காலியான இடத்தில் நின்றார். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்ற விதியை இருவரும் சட்டப்படியே கடைப்பிடித்தார்கள். மாநிலமே ஓட்டுப் போட்ட கட்சியின் தலைவரை ஒரு தொகுதி தடுக்கலாமா என்று அவர்கள் சார்பில் கேட்பார்கள். அந்த வாதத்துக்கு எடை உண்டு. ஆனால் நந்திகிராம் மக்கள் போட்ட ஓட்டுக்கும் எடை உண்டு. அதை ஆறு மாதத்தில் வேறொரு தொகுதியை வைத்து அழித்துவிட்டால், 1967இல் விருதுநகரும் 1996இல் பர்கூரும் செய்தது வெறும் சடங்காகிவிடும்.

தமிழ்நாடும் இதில் சறுக்கியிருக்கிறது. 2001இல் நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு தள்ளுபடியான ஜெயலலிதாவை ஆளுநர் பாத்திமா பீவி முதல்வராக்கினார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது. ஆறு மாத விலக்கு என்பது போட்டியிடத் தகுதி உள்ளவருக்குத்தான் என்று அன்று தெளிவானது. அதே தர்க்கத்தை இன்னும் ஓர் அடி நீட்டினால் போதும்: ஒரு பொதுத்தேர்தலில் நின்று தோற்றவருக்கு அந்தச் சட்டமன்றக் காலத்தில் ஆறு மாத விலக்கு கிடைக்கக் கூடாது.

இன்னொரு சீர்திருத்தம் காகிதத்தில் தயாராகவே இருக்கிறது. 1996 வரை ஒருவர் எத்தனை தொகுதியிலும் நிற்கலாம், இப்போது இரண்டு. அதையும் ஒன்றாகக் குறைக்கத் தேர்தல் ஆணையம் 2004இல் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் அதையே சொன்னது. நாடாளுமன்றம் இன்றுவரை அதைத் தொடவில்லை. இரண்டு இடத்தில் நின்று ஒன்றை விட்டுவிடும் தலைவர், விட்டுவிட்ட தொகுதியின் மக்களை மறுபடி வரிசையில் நிற்க வைக்கிறார். அந்த இடைத்தேர்தல் செலவும் பொதுப்பணத்திலிருந்துதான் போகிறது.

சட்டம் எட்டாத ஒன்றும் இருக்கிறது: பதவியில் இருக்கும் முதல்வர், தான் ஜெயித்த அதே தொகுதியில் மறுபடி நிற்க வேண்டும் என்ற மரபு. எடப்பாடி பழனிசாமி 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் எடப்பாடியில் நின்றார். முதல்வராக நான்கு ஆண்டு இருந்துவிட்டு 2021இல் அதே ஊருக்குப் போனார். மு.க. ஸ்டாலினும் அதே மூன்று தேர்தலிலும் கொளத்தூரில் நின்றார். காமராசர் சாத்தூரில் தொடங்கிவைத்த இந்தப் பழக்கத்துக்கு எதிர்காலத்தில் வரும் எல்லா முதல்வர்களும் கட்டுப்பட வேண்டும் என்று கட்சி வேறுபாடு பாராமல் வாக்காளர்கள் கேட்கலாம். அருப்புக்கோட்டைக்கு 1980இல் கிடைக்காமல் போன ஓட்டு அதுதான்.